மூணாவது சக்கரத்தை நிறுத்துறது யாரு?

ஒரு நிமிஷம் கண்ணை மூடி யோசிச்சுப் பாருங்க. உங்க கையில ஒரு பழைய கேம் பாய். திரையில மூணு சக்கரம் சுத்திக்கிட்டு இருக்கு. பட்டனை அழுத்துறீங்க, முதல் சக்கரத்துல 7. மறுபடி அழுத்துறீங்க, ரெண்டாவதுலயும் 7. மூணாவது சக்கரத்துக்கு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு காத்திருந்து, 7 கோட்டுக்கு வர்ற சரியான நேரத்துல அழுத்துறீங்க.

7 ஒரே ஒரு படி கீழே போய் நிக்குது. "சே! கொஞ்சம் லேட்டா அழுத்திட்டேன். அடுத்த தடவை பிடிச்சிடலாம்" என்று மனசு சொல்லுது.

நீங்க லேட்டா அழுத்தல. சரியாத்தான் அழுத்தினீங்க. அந்த 7-ஐ கீழே தள்ளிவிட்டது கோட். இந்தக் கட்டுரை அந்தக் கோட் பத்தித்தான். தமிழ்ல அசெம்பிளி கோடை விளக்க நான் முயற்சி பண்றது இதுதான் முதல் தடவை, அதனால எங்கயாவது தடுமாறினா பொறுத்துக்கோங்க.

எந்த கேம்?

போகிமான் ரெட், ப்ளூ. ஜப்பான்ல 1996 பிப்ரவரியில ரெட், க்ரீன் என்ற பேர்ல வந்தது. அமெரிக்காவுல 1998 செப்டம்பர்ல ரெட், ப்ளூவா வந்தது. கேம் ஃப்ரீக் உருவாக்கி, நின்டெண்டோவோட கேம் பாய்க்காக வெளியிட்ட கேம். நம்மள்ல பலர் இதை எமுலேட்டர்லதான் விளையாடியிருப்போம்.

கதையின் பாதி வழியில செலடான் சிட்டின்னு ஒரு ஊர் வரும். அங்க கேம் கார்னர்னு ஒரு சூதாட்டக் கூடம் இருக்கு. உள்ளே வரிசை வரிசையா ஸ்லாட் மெஷின். விளையாட காயின் வேணும். காயினை வெச்சுக்க 'காயின் கேஸ்' வேணும். அந்த கேஸ் எங்க கிடைக்கும் தெரியுமா? அதே ஊர்ல இருக்கிற சாப்பாட்டுக் கடையில ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். ஸ்லாட்ல எல்லாத்தையும் விட்டுட்டு, இனிமே இந்தப் பக்கமே போகமாட்டேன்னு சொல்லி, தன்னோட கேஸை உங்க கையில கொடுத்துடுவார். பத்து வயசுல விளையாடினப்போ "ஐ, ஓசியில கிடைச்சுது" என்று வாங்கிக்கிட்டு ஓடினேன். அவரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவார்.

50 காயின் விலை 1000, கேம் பணத்துல. ஜெயிச்ச காயினைத் திரும்பப் பணமா மாத்த முடியாது. பக்கத்துக் கட்டடத்துல பரிசா மட்டும்தான் மாத்தலாம். ரெட் பதிப்புல போரிகான் என்ற போகிமானுக்கு விலை 9999 காயின். கேஸ்ல வைக்க முடிஞ்ச உச்ச அளவே 9999தான்! காசு கொடுத்தே வாங்கினா 50 காயினா 200 தடவை, அதாவது 2 லட்சம். "அவ்வளவு பணம் எங்க போறது, ஸ்லாட்ல ஆடியே சேர்த்துடலாம்" என்று யாருக்குமே தோணும். தோணணும் என்பதுக்காகத்தான் அந்த விலை.

ஒரே ஒரு எண்

ரசிகர்கள் சில பேர் சேர்ந்து, இந்த கேமோட மொத்த கோடையும் கார்ட்ரிட்ஜ்ல இருந்து திரும்ப அசெம்பிளியா எழுதி வெச்சிருக்காங்க. அதை அசெம்பிள் பண்ணினா அசல் கேமோட ஒவ்வொரு பைட்டும் அப்படியே வரும். யார் வேணும்னாலும் எடுத்துப் படிக்கலாம். மைக்ரோப்ராசஸர் லேப்ல 8085 கோட் எழுதித் திட்டு வாங்கின அனுபவம் இருந்தா போதும், ஓரளவு புரியும்.

நீங்க காயின் போட்டதும் என்ன நடக்குதுன்னு வரிசையாப் பார்ப்போம். காயின் கழியுது, சத்தம் வருது. சக்கரம் சுத்த ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கோட் ஒரு ரேண்டம் எண்ணை எடுக்குது. 0-ல இருந்து 255 வரைக்கும் ஏதாவது ஒண்ணு.

கேம் பாய்க்குள்ள ஒரு 8 பிட் கவுண்டர் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு நொடிக்கு 16,384 தடவை ஏறும். அதாவது 0-ல இருந்து 255 வரை போற முழுச் சுத்தை ஒரே நொடியில 64 தடவை முடிச்சிடும். அந்தக் கவுண்டரைப் படிச்சு, பழைய எண்ணோட கூட்டி வைக்கிறதுதான் இந்த கேமோட ரேண்டம். இது ஒவ்வொரு பிரேமுக்கும் நடக்குது. மனுஷ விரலால இதைக் கணிச்சு அழுத்த முடியாது.

சாதாரண மெஷின்ல அந்த எண்ணை வெச்சு எடுக்கிற முடிவு இதுதான்:

0 வந்தா: லாட்டரி மாதிரி. இனி வரப்போற 60 சின்னப் பரிசு வரைக்கும் கதவு திறந்தே இருக்கும்.

1-ல இருந்து 210 வரை: இந்தச் சுத்துல நீங்க ஜெயிக்க அனுமதி இல்ல.

211-ல இருந்து 253 வரை: சின்னப் பரிசுக்கு மட்டும் அனுமதி. செர்ரிக்கு 8 காயின், மத்த மூணு உருவங்களுக்கு 15.

254, 255: பெரிய பரிசுக்கு அனுமதி. 'பார்' என்றால் 100 காயின், 7 என்றால் 300.

256-க்கு 210 என்றால் கிட்டத்தட்ட 82 சதவீதம். அதாவது நூறு சுத்துல 82 சுத்து, சக்கரம் அசையறதுக்கு முன்னாடியே தோத்தாச்சு. அதுக்கப்புறம் நீங்க அழுத்துற மூணு பட்டனும், ஏற்கனவே எழுதின தீர்ப்பை மெதுவா வாசிச்சுக் காட்டுற வேலைதான் பண்ணுது.

ஒரு காயின் போட்டா நடுக்கோடு மட்டும். ரெண்டு போட்டா மூணு கிடைக்கோடு. மூணு போட்டா குறுக்குக் கோடு ரெண்டும் சேர்ந்து மொத்தம் அஞ்சு. "அதிகமா போட்டா அதிகச் சான்ஸ்" என்றுதானே தோணும்? ஆனா அந்த ஆரம்ப எண்ணுக்கு நீங்க எத்தனை காயின் போட்டீங்கன்னே தெரியாது. 82 சதவீதம் மாறவே மாறாது. அனுமதி கிடைச்ச சுத்துல பொருத்தம் விழ வழி கூடும், அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. மூணு காயின் போடுறீங்க. சின்னப் பரிசுக்கான 43 வாய்ப்பும் தவறாம 15 காயின் கொடுத்துடுச்சுன்னே வெச்சுக்குவோம். 43-ஐ 15-ஆல பெருக்கி 256-ஆல வகுத்தா ஏறக்குறைய 2.5. போட்டது 3. அதனால சின்னப் பரிசை மட்டும் நம்பி உட்கார்ந்தா கேஸ் மெல்ல மெல்ல கரையும். எப்பவோ ஒரு தடவை பெரிய பரிசோ, அந்த 0-வோ வந்தா திடீர்னு துள்ளி மேல ஏறும். மெல்லக் கரையறது ஞாபகத்துல நிக்காது. துள்ளினது மட்டும் நிக்கும்.

தள்ளிவிடற கை

இப்போ ஆரம்பத்துல சொன்ன அந்த 7-க்கு வருவோம். அனுமதி இல்லாத சுத்துல நீங்க தற்செயலா சரியா அழுத்தி, 7-7-7 விழுந்துடுச்சுன்னா கோட் என்ன பண்ணும்?

பொருத்தம் இருக்கான்னு பார்க்கும். இருந்தா, அனுமதி இருக்கான்னு பார்க்கும். இல்லேன்னா மூணாவது சக்கரத்தை ஒரு படி கீழே உருட்டும். திரும்பப் பார்க்கும். இன்னும் பொருத்தம் இருந்தா இன்னொரு படி. பொருத்தம் போற வரைக்கும் இதேதான். ஒரு படி உருட்ட ரெண்டு பிரேம் ஆகும், அதாவது நொடியில முப்பதுல ஒரு பங்கு. உங்க கண்ணுக்கு அது சக்கரம் இயல்பா நின்ன மாதிரியே இருக்கும்.

விளைவைக் கவனிங்க. 7 காணாமப் போகல. கோட்டுக்கு ஒரு படி கீழே, உங்க கண்ணு முன்னாடியே நிக்குது. நீங்க எவ்வளவு துல்லியமா அழுத்துறீங்களோ, அவ்வளவு அழகா அது "மயிரிழையில தப்பின" மாதிரி தெரியும். திறமையா ஆடுறவனுக்குத்தான் இந்த ஏமாத்து இன்னும் நல்லா வேலை செய்யும்!

இன்னொண்ணும் இருக்கு. இத்தனை மெஷின்ல ஒண்ணுக்கு மட்டும் ராசி. நீங்க கேம் கார்னருக்குள்ள நுழையும்போதே ஒரு மெஷினை கோட் தேர்ந்தெடுத்துடும். அதுல பெரிய பரிசுக்கு 254, 255 மட்டும் இல்ல, 251-ல இருந்து 255 வரை அஞ்சு எண்ணும் செல்லும். சாதாரண மெஷினை விட ரெண்டரை மடங்கு. வெளியே போய்த் திரும்ப வந்தா அந்தத் தேர்வு புதுசா நடக்கும். ஆனா அதுலயும் 1-ல இருந்து 210 வரை அப்படியேதான். ராசியான மெஷின்லயும் நூத்துக்கு 82 தோல்விதான்.

இது கேம் ஃப்ரீக்கோட கற்பனை இல்ல

இதை முதல் தடவை படிச்சப்போ "சின்னப் பசங்க கேம்ல இப்படி ஒரு மோசடியா" என்று கோபம்தான் வந்தது. அப்புறம் தேடிப் பார்த்தா, ஜப்பான்ல நிஜமாவே இருக்கிற பாச்சிஸ்லாட் மெஷினை உண்மையா நகல் எடுத்திருக்காங்க.

பாச்சிஸ்லாட்ல ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி நிறுத்தும் பட்டன் உண்டு. லீவரைத் தட்டின கணமே உள்ளே குலுக்கல் முடிஞ்சிடும். பட்டனை அழுத்தினதும் சக்கரம் உடனே நிக்காது. 4 உருவம் வரைக்கும் 'வழுக்கி' நிக்க விதியிலேயே இடம் இருக்கு. குலுக்கல்ல ஜெயிக்கலேன்னா, அந்த வழுக்கல் பொருத்தத்தைக் கலைச்சுடும். நம்ம கேமோட முதல் ரெண்டு சக்கரத்துக்கும் 4-ல ஆரம்பிக்கிற ஒரு வழுக்கல் கவுண்டர் கோட்ல இருக்கு. பாச்சிஸ்லாட் கடைக்காரங்க ஒவ்வொரு மெஷினுக்கும் 1-ல இருந்து 6 வரை ஒரு செட்டிங் வைப்பாங்க. நம்ம 'ராசி மெஷின்' அங்கிருந்து வந்தது மாதிரிதான் இருக்கு. காயினைப் பணமா மாத்த முடியாது, பக்கத்துல போய்ப் பரிசா மாத்தணும் என்பதும் பாச்சின்கோ கடை வழக்கம்தான். அங்க கடையில பரிசுப் பொருள் தருவாங்க, பக்கத்துல இருக்கிற தனிக் கடை அதை வாங்கிக்கிட்டு பணம் தரும்.

அமெரிக்காவுல வேற வழி. 1984-ல இங்கே டெல்னஸ் என்பவர் ஒரு காப்புரிமை வாங்கினார். சக்கரம் எங்க நிக்கணும்னு ரேண்டம் எண் தீர்மானிக்கும், சக்கரம் அதைக் காட்ட மட்டும் செய்யும். ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை எண் ஒதுக்கணும் என்பது வடிவமைக்கிறவர் கையில. பெரிய பரிசு உருவத்துக்குக் கொஞ்சம் எண், வெத்து இடத்துக்கு நிறைய எண். சக்கரத்தைப் பார்த்தா எல்லா உருவமும் சம வாய்ப்பு மாதிரியே தெரியும்.

அப்போ பட்டன் எதுக்கு? எலன் லாங்கர் என்ற உளவியலாளர் 1975-ல ஒரு ஆய்வு வெளியிட்டார். ஆட்களுக்கு 1 டாலர் லாட்டரிச் சீட்டு வித்தாங்க. பாதிப் பேர் சீட்டைத் தாங்களே தேர்ந்தெடுத்தாங்க, மீதிப் பேருக்குக் கையில கொடுத்துட்டாங்க. பிறகு "இதை எனக்குத் திரும்ப வித்துடுங்களேன்" என்று கேட்டப்போ, கையில கொடுக்கப்பட்டவங்க சராசரியா 2 டாலருக்குக் கிட்டத்தட்டக் கேட்டாங்க. தாங்களே எடுத்தவங்க 8 டாலருக்கு மேல கேட்டாங்க. எந்தச் சீட்டுக்கும் வாய்ப்பு ஒண்ணுதான். ஆனா "நான் எடுத்தது" என்ற எண்ணமே விலையை நாலு மடங்கு ஏத்திடுச்சு. 'கட்டுப்பாட்டு மாயை' என்று இதுக்குப் பேர் வெச்சார். அந்தப் பட்டன் இருக்கிறது இந்த மாயைக்காகத்தான்.

இப்போ ஏன் இதை எழுதறேன்?

எங்க ஹாஸ்டல்ல, என் ரூம்மேட். பேர் வேண்டாம். அஞ்சாவது செமஸ்டர்ல அவன் போன்ல ஒரு கலர் ப்ரெடிக்ஷன் ஆப் வந்தது. சிவப்பா பச்சையான்னு சொல்லணும், அவ்வளவுதான். முதல் நாள் 200 ரூபாய் போட்டு 340 எடுத்தான். நிஜமாவே அக்கவுண்ட்டுக்கு வந்தது. எங்க எல்லாருக்கும் டீ, பப்ஸ் வாங்கிக் கொடுத்தான்.

ரெண்டு வாரத்துல ஒரு நோட்டு வாங்கி, வந்த கலரையெல்லாம் வரிசையா எழுத ஆரம்பிச்சான். ராத்திரி ரெண்டு மணிக்கு என்னை எழுப்பி, "மச்சி, பேட்டர்ன் பிடிச்சிட்டேன்டா. மூணு சிவப்பு வந்தா நாலாவது பச்சைதான். நேத்து ஒரு செகண்ட் லேட் பண்ணிட்டேன், இல்லேன்னா வந்திருக்கும்" என்றான். நான் அரைத் தூக்கத்துல "சரிடா, தூங்கு" என்று திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

செமஸ்டர் ஃபீஸ் 38,000 போச்சு. அவங்க அம்மா வளையலை அடகு வெச்சு அனுப்பின பணம். கடைசி நாள் வரைக்கும் அவன் சொன்னது ஒண்ணே ஒண்ணு: "கிட்டத்தட்ட பிடிச்சிட்டேன்டா." நான் அன்னைக்கு எழுந்து உட்கார்ந்து இந்த மூணாவது சக்கரம் கதையைச் சொல்லியிருக்கலாம். அப்போ எனக்கே தெரியாது. இப்போ தெரியும், அதனால உங்ககிட்ட சொல்றேன்.

கேம் பாய் ஸ்லாட்டுக்கும் அந்த ஆப்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கேம் பாய்ல கோட் கார்ட்ரிட்ஜ்குள்ள இருக்கு. படிக்கலாம். 210 என்ற எண்ணைக் கண்ணால பார்க்கலாம். அங்க யாருக்கும் லாபமும் இல்ல, போனாலும் பொய்ப் பணம்தான் போகும். அந்த ஆப்போட கோட் எங்கயோ ஒரு சர்வர்ல இருக்கு. அதைப் பார்க்க உங்களுக்கும் எனக்கும் வழியே இல்ல. லாபம் வேண்டாம்னு இருந்த கேமே நூத்துக்கு 82 தடவை முன்னாடியே முடிவெடுத்திருக்குன்னா, லாபத்துக்காகவே நடத்துறவங்க என்ன எண் வெச்சிருப்பாங்கன்னு நீங்களே யோசிங்க. நீங்க நோட்டுல எழுதற பேட்டர்ன், அவங்க காட்டின படத்தோட பேட்டர்ன். உள்ளே இருக்கிற எண்ணோடது இல்ல.

2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் பணம் வெச்சு ஆடுற ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேத்தியாச்சு. ஆனா லிங்க் இன்னும் குரூப்கள்ல வருது. போன வாரம்கூட எங்க டிபார்ட்மெண்ட் குரூப்ல ஒண்ணு வந்தது. சட்டம் அதன் வேலையைச் செய்யட்டும், நம்ம வேலையை நாம செய்வோம்.

உண்மையான பட்டன் எப்படி இருக்கும்?

போகிமான் கதைக்கே ஒரு நல்ல திருப்பம் இருக்கு. 2010-ல ஹார்ட்கோல்ட், சோல்சில்வர் மேற்கத்திய நாடுகளுக்கு வந்தப்போ, ஸ்லாட்டை எடுத்துட்டு 'வோல்டார்ப் ஃபிளிப்' என்ற வேற விளையாட்டை வெச்சாங்க. ஜப்பான் பதிப்புல ஸ்லாட் அப்படியே இருந்தது. வோல்டார்ப் ஃபிளிப் கொஞ்சம் மைன்ஸ்வீப்பர் மாதிரி. அஞ்சுக்கு அஞ்சு கட்டம். ஒவ்வொரு வரிசைக்கும் கூட்டுத்தொகை எவ்வளவு, குண்டு எத்தனை என்று முன்னாடியே எழுதியிருக்கும். அதை வெச்சு யோசிச்சுத் திறக்கலாம். அதுலயும் அதிர்ஷ்டம் உண்டு, ஆனா நீங்க யோசிச்சா முடிவு மாறும்.

அதனால அடுத்த தடவை எந்தப் பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடியும் ரெண்டு கேள்வி கேளுங்க. அழுத்தறதுக்கு முன்னாடி எனக்கு ஏதாவது தகவல் தர்றாங்களா? நான் வேற மாதிரி அழுத்தினா முடிவு மாறுமா? ரெண்டுக்கும் "இல்ல" என்றால், அது பட்டன் இல்ல, வெறும் படம்.

சாப்பாட்டுக் கடையில உட்கார்ந்திருந்தவர் ஞாபகம் இருக்கா? காயின் கேஸைக் கொடுத்துட்டு, இனி ஆடமாட்டேன்னு சொன்னவர். அந்த கேம்ல அவர் பேசறது நாலஞ்சு வரிதான். நாம எல்லாரும் 'ஏ' பட்டனைத் தட்டித் தட்டி அதைத் தாண்டிப் போயிட்டோம். என் ரூம்மேட் இப்போ அரியர் எழுதிக்கிட்டு, சாயங்காலம் ஒரு ஜெராக்ஸ் கடையில வேலை பார்க்கிறான். வளையலை மீட்க இன்னும் 11,000 பாக்கி. இந்தக் கட்டுரையை முதல்ல அவன்கிட்டதான் காட்டினேன். படிச்சு முடிச்சுட்டு, "போடு மச்சி, ஜூனியர்ஸ் படிக்கட்டும்" என்றான்.